பவர் பிளாக் நம்பர் நாற்பத்தேழு

சிவகங்கை மாவட்டத்தில் அரசு வேலைக்கு ஆசைப்படாத ஒரே பட்டதாரி நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது ஓர் அதிகாரி வீடு வீடாக வந்து கணக்கெடுத்திருந்தால் அவரிடமே சொல்லிவிட்டு ஓய்ந்திருப்பேன். யாரும் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரைக்குடியில் என் வயதுப் பையன்கள் அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். வயது கடந்துவிட்டால் அதற்கான பயிற்சி மையம் நடத்துவார்கள். கல்லூரியில் இருந்தபோது இவர்களுக்காக 'நோட்டிபிகேஷன் அம்மன் போற்றி' என்று நூற்றெட்டு வரி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கிண்டலுக்குத்தான். மூன்று பேர் அதைப் படியெடுத்து, தேர்வு அன்று காலையில் குளித்துவிட்டு உண்மையாகவே சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவன் தேறியும்விட்டான். அதற்கு நான் பொறுப்பல்ல.

நான் பொறுப்பேற்பது ரயிலுக்கு மட்டும்தான்.

தேனம்மை ஆச்சி சென்னையில் மகள் வீட்டோடு இருக்கிறார். அமராவதிபுதூரில் இருக்கும் அவருடைய பெரிய வீட்டின் சாவி எங்கள் அப்பாவிடம். சினிமாக்காரர்கள் வராத மாதங்களில் அந்த வீட்டின் சாப்பாட்டு ஹால் சும்மா கிடக்கும். அறுபதடி நீளம். அதில் காரைக்குடி சந்திப்பிலிருந்து நாட்டரசன்கோட்டை வரை ஒரு மின்சார ரயில் பாதையை இடுப்பு உயர மேசைகளின் மேல் அமைத்திருந்தேன். தேவகோட்டை ரஸ்தா, கல்லல், பனங்குடி எல்லாம் உண்டு. இஞ்சினும் தூண்களும் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு; தூரத்தை மட்டும் சுருக்கி, பாதையை வளைத்து வளைத்துப் போட்டிருந்தேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே கிடந்த ஒரு ஜெர்மன் இஞ்சினில் ஆரம்பித்துப் பதினொரு இஞ்சின்கள் சேர்த்தேன்.

பார்க்க வருகிறவர்கள் இஞ்சின்களைப் பார்ப்பதில்லை. மேலே போகும் கம்பியைத்தான் பார்ப்பார்கள். "இதுல நெசமாவே கரண்டு வருதா?" என்பார்கள். வரும். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பலர் தண்டவாளத்தில் மின்சாரத்தை விட்டுவிட்டு மேலே அழகுக்கு நூலைக் கட்டிவைப்பார்கள். எங்களுடையதில் கம்பி வழியாகவே மின்சாரம் வரும். இஞ்சின் தன் தலையில் இருக்கும் பட்டையால் அதைத் தொட்டு எடுத்துக்கொண்டு ஓடும். சுவர் மின்சாரத்தை ஒரு பெட்டி பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கம்பிக்கு அனுப்பும். தொட்டால் எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது.

எங்களுடையது என்றேன். கம்பி வேலை முழுக்க அழகுசுந்தரத்துடையது.

அழகு ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். அவன் அப்பா சோமு பத்தருக்கு நகை வேலை. வீட்டில் எல்லாருக்கும் விரலில் கண் இருக்கும். மேலே வளைந்து தொங்கும் ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டையும் பிடித்து நிறுத்தும் சின்னச் சின்னக் கம்பிகள், எல்லாம் முடி கனம். ஒன்றொன்றாகப் பற்றவைத்து நானூற்றிப் பன்னிரண்டு தூண்களுக்கு இழுத்திருந்தான். கீழ்க்கம்பி ஒரு தூணில் சற்று இடப்பக்கம், அடுத்த தூணில் சற்று வலப்பக்கம் என்று போகும். நேராகப் போனால் இஞ்சினின் பட்டை ஒரே இடத்தில் தேய்ந்து அறுந்துவிடும். நிஜப் பாதையிலும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு வந்து மொத்தத்தையும் பிரித்து மறுபடி கட்டினான். நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

கம்பி தொய்ந்திருக்கிறதா என்று அவன் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. கட்டைவிரலை இரும்புத் தூணில் அழுத்தி ஊன்றிக்கொள்வான். ஆள்காட்டி விரலை வளைத்துக் கம்பியை மெல்ல இழுப்பான். மூக்குத்திக்குத் திருகு போடும்போது பத்தர்கள் பிடிப்பது மாதிரி. நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட வேறு மாதிரிப் பிடித்ததில்லை.

இன்னொரு பழக்கமும் அவன் கொண்டுவந்ததுதான். ரயில்வேயில் மேல்கம்பியைத் தொட வேண்டுமென்றால் முதலில் கண்ட்ரோலுக்குப் போன் செய்து 'பவர் பிளாக்' கேட்க வேண்டும். அங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு நம்பர் கொடுப்பார்கள். அதை நோட்டில் எழுதிய பிறகுதான் கை மேலே போகும். பன்னிரண்டு வோல்ட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டேன்.

"பழக்கம் கையில இருக்கணும் மாப்ள. நாளைக்கி நெசக் கம்பிக்கிப் போனா அங்க போயி புதுசாக் கத்துக்க முடியாது."

ஹாலை ஒட்டிய பழைய சாமான் அறை கண்ட்ரோல். சுவிட்ச் பலகை அங்கே. நான் கண்ட்ரோலர். ஹாலைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் இருக்கும். அவன் பத்தடி தள்ளி நின்றுகொண்டு போனில் கூப்பிடுவான்; நான் சுவிட்சை அணைத்துவிட்டு நம்பர் சொல்வேன். நிஜத்தில் நம்பர் வாங்கிய பிறகும் கம்பியை ஒரு தடவை பூமியோடு இணைத்துச் சோதிப்பார்கள். அதையும் செய்ய வேண்டும் என்றான். இவ்வளவு போதும் என்றேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன மார்கழியில் அழகுக்கு வேலை கிடைத்தது. ரயில்வேயில், மேல்கம்பிப் பராமரிப்புப் பிரிவில். எழுத்துத் தேர்வு தேறியாகிவிட்டது, சான்றிதழ் பார்த்தாகிவிட்டது, மருத்துவச் சோதனை மட்டும் பாக்கி. கொப்புடையம்மன் கோயில் பக்கத்து டீக்கடையில் ஆறு பேர் இருக்கும்போது என் தோளில் கை போட்டான்.

"ஏண்டா சேவுகா, கவர்மெண்டு வேலைக்கிப் போறவன்லாம் அடிமைன்னு எழுதுனயே. இப்ப அடிமைக்கி டீ வாங்கிக் குடுக்குறது யாரு? சொதந்திர மனுசனா?"

"அடிமைக்கு எசமான் வாங்கித் தருவாரு," என்றேன். "எசமான் எங்குட்டு இருக்காரு, வடக்கயா?"

"எங்க போட்டாலும் போவேன். பீகார்ல போடட்டும், கம்பி கம்பிதானடா."

"அப்ப நம்ம லைன யாரு பாக்குறது?"

"நீதேன் பாக்கணும். பதினோரு இஞ்சின் வச்சிருக்க, பத்து விரலு வச்சிருக்க. பழகிக்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீக்காசு நான்தான் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒரு வாரம் யோசித்தேன். நான் அவசரப்பட்டு எதையும் செய்கிறவன் இல்லை. இங்கே ஒரு மனிதன் நல்ல கையை வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத இடத்தில் முப்பத்தைந்து வருடம் கம்பியைத் துடைக்கப் போகிறான். அவனுக்கே அது தெரியவில்லை. அவன் அம்மா யோகலட்சுமி தெருவெல்லாம் லட்டு கொடுக்கிறார். யாராவது ஒருவர் அவனை நிறுத்த வேண்டும். பேசி நிறுத்த முடியாது என்பது அம்மன் போற்றி எழுதிய அனுபவத்தில் எனக்குத் தெரியும். அவனை நிறுத்த ஒரே ஒரு வாசல்தான் மூடாமல் இருந்தது: மருத்துவச் சோதனை. கம்பி வேலைக்குக் கை முக்கியம். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒன்றிரண்டு விரல் போதும்.

உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். அவன் பிடிக்கும் விதத்தில் கட்டைவிரல் தூணிலும் ஆள்காட்டி விரல் கம்பியிலும் இருக்கும். வருகிற மின்சாரம் அந்த இரண்டு விரலுக்குள்ளேயே வந்து போய்விடும். நெஞ்சுப் பக்கம் வராது என்று படித்திருந்தேன். வராமலும் இருக்கலாம், வந்தும் விடலாம் என்றும் அதே இடத்தில் போட்டிருந்தது. அந்த வரியை நான் ஒரு தடவைதான் படித்தேன்.

ஒரு சனிக்கிழமை, அவன் வராத நேரத்தில், மேசையில் கல்லல் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பியைப் பற்றவைத்த இடத்தில் கழற்றிவிட்டேன். கீழ்க்கம்பி கொஞ்சம் தொய்ந்தது. திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமையே சரிசெய்துவிடுவான் என்று தெரியும். பெட்டியைத் தாண்டிச் சுவர் மின்சாரம் நேராகக் கம்பிக்குப் போகிற மாதிரி ஒரு மாற்றம் செய்தேன். எப்படி என்று சொல்லப் போவதில்லை. கெட்ட பழக்கங்களை யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது. பழைய வீடு, ஷாக் அடித்தால் தானாக அணைகிற கருவியெல்லாம் அங்கே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்திருந்தது. அழகு கல்லல் பக்கம் போய்க் குனிந்து பார்த்தான்.

"எவண்டா இதத் தொட்டது? பூனை ஏறுச்சா?" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தான்.

"பாத்துக்கிட்டேவா இருக்க முடியும்," என்றேன்.

சிரித்துக்கொண்டே பத்தடி தள்ளி வந்து நின்று போன் செய்தான். நான் எடுத்தேன்.

"கண்ட்ரோல், கல்லல் பகுதிக்கி பவர் பிளாக் வேணும். காரணம், கம்பி தொய்வு. கேக்குறது அழகுசுந்தரம்."

"பவர் பிளாக் குடுத்தாச்சு. நம்பர் நாப்பத்தேழு."

"நாப்பத்தேழு," என்று திருப்பிச் சொன்னான். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் எழுதினான். பேனாவை மூடினான். நடந்து போய்க் கட்டைவிரலைத் தூணில் ஊன்றினான்.

சுவிட்ச் போட்டபடியேதான் இருந்தது.

அவன் கத்துவான் என்று நினைத்திருந்தேன். சத்தமே வரவில்லை. விரல்கள் கம்பியை விடவும் இல்லை. பிடித்துக்கொண்டே நின்றான், ஏதோ கஷ்டமான கணக்கைப் போடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நான் ஏழு வரை எண்ணினேன். ஏன் ஏழு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐந்து போதாது என்று தோன்றியது. பிறகு சுவிட்சை அணைத்தேன். ஓடிப்போய்த் தூக்கினேன். பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டதும் நான்தான். ஆட்டோ வருவதற்குள் நோட்டிலிருந்து அந்தத் தாளையும், அதோடு சேர்த்துத் தைத்திருந்த பின்பக்கத்து வெற்றுத் தாளையும் தடம் தெரியாமல் உருவினேன். பெட்டியைப் பழையபடி இணைத்து உள்ளே கொஞ்சம் தீய்த்து வைத்தது மாலையில்.

மறுநாள் வயர்மேன் சொக்கு வந்து பெட்டியைத் திறந்தார். முகர்ந்து பார்த்தார்.

"பெட்டி பொகஞ்சு மெயினு நேரா ஏறிருக்கு தம்பி. இந்த மாதிரி மட்டச் சரக்கெல்லாம் எதுக்கு வாங்குறீக?"

அந்தப் பெட்டி நல்ல சரக்குதான். இருந்தாலும் நான் அவரோடு வாதிக்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் கட்டைவிரலில் பாதியையும் ஆள்காட்டி விரல் முழுவதையும் எடுத்தார்கள். யோகலட்சுமி அம்மா வராண்டாவில் என் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"அண்ணே, நீக பெத்த புள்ளதேன் எம் புள்ளய எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு. ஓடிப்போயி சுவிச்ச அமத்தலேன்னா இன்னிக்கி நான் எங்குட்டுப் போயி அழுவேன். நல்லா இருப்பீக."

அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தபோது தட்டியது. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

நான்காம் நாள் அழகு தெளிவாகப் பேசினான். கை முழுக்கக் கட்டு. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"மாப்ள, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடா. வீட்டுக்குள்ள வந்தது ஞாபகம் இருக்கு. பூனை ஏறுச்சான்னு கேட்டேன். அதுக்கப்பறம் ஆஸ்பத்திரிதேன். நான் நம்பர் வாங்குனேனா?"

கட்டில் பக்கத்தில் இருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

"எதுக்குடா யோசிக்கிற? வாங்காமத் தொடுற ஆளு இல்லடா நான். நோட்டக் கொண்டாந்தியா?"

கொண்டுபோயிருந்தேன். இடது கையால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். கடைசியாக எழுதிய இடத்தில் நின்றான். நாற்பத்தாறு. அதற்கு முந்தின வாரத்துத் தேதி. வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு அடுத்த வெற்றுப் பக்கத்தைப் புரட்டினான். மறுபடி நாற்பத்தாறுக்கே வந்தான்.

"நீ சொல்லு. நான் கேட்டேனா?"

"கேட்டே," என்றேன். "நான் சுவிட்ச் பலகைக்கி எந்திரிக்கிறதுக்குள்ள தொட்டுட்ட."

நோட்டை மூடி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். "அப்ப என் தப்புதேன்," என்றான். அழவில்லை. விரல் போனதற்கு அவன் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நம்பர் வாங்காமத் தொட்டுட்டேனாடா" என்பதையே நான் கிளம்பும்வரை மூன்று நான்கு தடவை கேட்டான். மூன்று நான்கு தடவையும் நான் தலையசைத்தேன். ஒருவன் தன் தவற்றை ஒப்புக்கொள்ளும்போது குறுக்கே பேசுவது நாகரிகம் இல்லை.

மருத்துவச் சோதனைக்கு அவன் போனான். போகாதே என்று சோமு பத்தர் சொல்லியும் போனான். தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆக நான் நினைத்தபடி அவன் அடிமையாகவில்லை. ஊரிலேயே இருக்கிறான். கம்பி கட்டத்தான் முடியவில்லை. நகை வேலைக்கும் அந்த இரண்டு விரல்தான் முதல் என்கிறார்கள். என் யோசனையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் சிறு கவனக்குறைவு நேர்ந்துவிட்டது. இப்போது சோமு பத்தரின் நகைக் கடைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுகிறான். நன்றாகத்தான் பேசுகிறான்.

இன்னும் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நீங்கள் தப்பாக நினைக்கலாம்.

அந்தத் தேர்வை நானும் எழுதினேன். கிண்டல் எழுதுகிறவன் நேரில் போய்ப் பார்க்காமல் எழுதக்கூடாது என்பது என் கொள்கை. மதுரையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, அழகுக்கு நான்கு வரிசை பின்னால் உட்கார்ந்து எழுதினேன். எட்டு மாதம் படித்தது பாடத்திட்டத்தின் அபத்தத்தைத் தெரிந்துகொள்வதற்காக. வேலை கிடைத்தவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. அவர்களில் யாருக்காவது தகுதியில்லை என்று வந்தால் கூப்பிடுவதற்காக ஒரு மாற்றுப் பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் முதல் பெயர் என்னுடையது. இது எனக்கு டீக்கடைச் சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பே தெரியும் என்பது உண்மை. இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் போடலாம். நான் போடவில்லை.

கடிதம் பங்குனியில் வந்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்பா அதற்குள் வாங்கிப் படித்துவிட்டார். வீட்டில் இருக்கிறவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கும் உரிமை எனக்கு இல்லை.

அழகிடம் நானே போய்ச் சொன்னேன். ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டான்.

"கள்ளப்பயலே," என்றான். "எங்களையெல்லாம் நக்கல் பண்ணிக்கிட்டு பொத்திப் பொத்திப் படிச்சிருக்க." பிறகு சிரித்தான். அவனுடைய பழைய சிரிப்பேதான். உள்ளே போய்த் தன்னுடைய ரயில்வே விதிமுறைப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் கோடு போட்டிருந்தது. "எனக்கு வாய்க்கல. நீ போடா. ரெண்டு பேருக்கும் சேத்து நீ போ."

மருத்துவச் சோதனைக்கு நான் கிளம்புகிற அன்று காலையில் ஸ்டேஷனுக்கும் வந்தான். வேண்டாம் என்று சொல்லியும் என் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டான். வண்டி வரும்வரை மேலே கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெட்டியில் ஏறியதும் ஜன்னல் பக்கம் வந்தான். மூன்றரை விரல் இருந்த கையை ஜன்னல் கம்பியின் மேல் வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன் மாப்ள. என்ன அவசரமா இருந்தாலும் சரி, எவன் சொன்னாலும் சரி, நம்பர் வாங்காமக் கையை மேல கொண்டுபோகாத. என்னிய மாதிரி பண்ணிறாத."

"சரிடா," என்றேன்.

"நம்பர் குடுக்குறவன் மேல நம்பிக்க வச்சு வேல பாரு. அவ்வளவுதேன்."

வண்டி நகர்ந்தது. அவனும் கொஞ்ச தூரம் கூடவே நடந்துவந்தான்.

மருத்துவச் சோதனையில் முதலில் கண் பார்த்தார்கள். பிறகு நெஞ்சு. நடுத்தர வயது டாக்டர் ஒருவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். விரித்தேன். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தன் பேனாவைப் பிடித்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். மறுபடி விரித்து, நடுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, அப்படியே ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார்.

பத்து விரலும் அசையவில்லை. தாளில் எழுதிக்கொண்டே, இவ்வளவு உறுதியான கையை இந்த வாரத்தில் பார்க்கவில்லை என்றார் டாக்டர். தப்புச் செய்தவன் கை அப்படி நிற்குமா, நீங்களே சொல்லுங்கள்.